சனிக்கிழமைக் கதைகள்

அண்ணன் இறந்துபோன முதல் வாரத்தில் என் போனுக்கு ரோமர் 8:28 மட்டும் 17 முறை வந்தது. தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்கிற வசனம். பின்னால் சூரியன் உதிக்கிற படம், ஒன்றில் ரோஜா, ஒன்றில் புறா. எண்ணினேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஈரோட்டில் மஞ்சள் மண்டி ஒன்றில் இருபது வருசமாகக் கணக்கு எழுதுகிறேன், கண்ணில் படுவதை எல்லாம் மனசு தானாக எண்ணிவிடும். அனுப்பினவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, பாதிப் பேர் அழுதுகொண்டே அனுப்பியிருப்பார்கள். ஆனாலும் ஒன்றுக்கும் என்னால் பதில் போட முடியவில்லை.

எனக்கு உதவினது வேறு. சபையில் யாரும் பிரசங்கம் பண்ணாத சில வேதாகமக் கதைகளும், எங்கள் ஊர்ப் பக்கம் உடுக்கை அடித்துப் பாடுகிற ஒரு கதையும்தான் என்னைத் தூக்கி நிறுத்தின. எல்லாமே இருட்டுக் கதைகள். இப்போது துக்கத்தில் இருக்கிற யாருக்காவது பயன்படலாம் என்று எழுதுகிறேன், கொஞ்சம் சுற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

2021 மே மாசக் கடைசி. தினசரிக் கொரோனாத் தொற்று எண்ணிக்கையில் கோவை சென்னையையே முந்திய வாரம் அது. அண்ணனுக்கு 44 வயசு. காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எங்கள் ஊரில் தேங்காய்க் களம் வைத்திருந்தான். காயை உடைத்து, காயப்போட்டு, பருப்பாக எண்ணெய் ஆலைகளுக்கு அனுப்புகிற வேலை. காய்ச்சல் வந்த நாலாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆக்சிஜன் படுக்கை தேடி நங்கையாவும், அண்ணனுடைய கூட்டாளி ஒருவரும் அவனைக் காரில் வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்கச் சுற்றினார்கள். (எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கையா என்றுதான் கூப்பிடுவோம்.) மூன்றாவது ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. அங்கே இரண்டு நாள் இருந்தான்.

நான் ஈரோடு மாவட்டம், அவன் திருப்பூர் மாவட்டம். மாவட்டம் தாண்ட இ-பதிவு வேண்டும் என்றிருந்த ஊரடங்கு நேரம். சாவுக்கு அதைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் அன்றைக்குக் காலையில்தான் என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் பாசிட்டிவ் என்று வந்திருந்தது. அடக்கத்தை வீடியோ காலில் பார்த்தேன். உடம்பெல்லாம் மூடிய நாலு பேர், பத்தடி தள்ளி நின்றபடி ஆயர், மண்ணுக்கு மண் சாம்பலுக்குச் சாம்பல் என்று அவர் படிக்கிற சத்தம் காற்றில் பாதி போய்விட்டது. அந்த இடத்தில் சிக்னல் நின்றுவிட்டது. திரையில் படம் அப்படியே உறைந்து நின்றது, ஒரு கட்டு, ஒரு கையுறை, ஒரு குவியல் செம்மண். முகத்தை யாரும் பார்க்கவில்லை. அம்மாகூடப் பார்க்கவில்லை.

அப்புறம் ஒன்பது மாசம் நான் வேதாகமத்தைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைப் போனில் ஓடவிட்டுவிட்டு அடுப்படியில் நின்றுகொள்வேன். ராத்திரி தூக்கம் வராது, கொலை வழக்கு வீடியோக்களை ஒன்று முடிய ஒன்று பார்ப்பேன், விடியக்காலம் மூணு மணி ஆகிவிடும். அதுவும் இருட்டுதான். ஆனால் அந்த இருட்டில் செத்தவரைப் பற்றி ஒருத்தருக்கும் கவலை கிடையாது, யார் கொன்றான் என்பதோடு முடிந்துபோகும். பார்க்கப் பார்க்க மரத்துப்போனேனே தவிர ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இருட்டுக் கதை படியுங்கள் என்று நான் சொன்னால் சிலர் இதைத்தான் நினைத்துக்கொள்வார்கள்.

2022இல் மாசியும் பங்குனியும் கூடுகிற நேரம், அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தேன். கொரோனா தணிந்து கோயில் நோம்பிகள் மறுபடி தொடங்கியிருந்தன. பக்கத்து ஊரில் அண்ணன்மார் கதை. அண்ணன்மார் சாமி என்றால் பொன்னர் சங்கர். கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சுருக்கமாக: அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே தங்கச்சி அருக்காணித் தங்காள், பங்காளிப் பகை, தலையூர்க் காளியோடு சண்டை, கொம்பன் என்கிற காட்டுப்பன்றி, கடைசியில் அண்ணன்மார் இரண்டு பேரும் களத்தில் விழுந்துவிடுவார்கள். அதுக்குப் பிறகு தங்காள் தனியாகக் காட்டு வழியே அவர்களைத் தேடிக்கொண்டு போவாள். உடுக்கையடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடுவார்கள், படுகளம் என்று ஒரு கட்டம் வரும், அதில் ஆட்கள் நிஜமாகவே விழுந்து அசைவில்லாமல் கிடப்பார்கள், பிறகு தண்ணீர் தெளித்து எழுப்புவார்கள். வீரப்பூரில் இது மாசித் திருவிழாவில் பெரிய அளவில் நடக்கும்.

நாங்கள் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். படுகளம் பார்க்கப் போகக் கூடாது என்பது அப்பாருவின், அதாவது தாத்தாவின், கட்டளை. 1960களில் பிரண்டா பெக் என்கிற கனடா நாட்டு ஆய்வாளர் காங்கயம் பக்கம் வந்து தங்கி இந்தக் கதையைப் பதிவு செய்துகொண்டு போனார், அதை வைத்து ஆத்தா (பாட்டி) அப்பாருவைச் சீண்டுவார்: "வெள்ளக்காரம்மா கேட்டா ஆராய்ச்சி, நாம கேட்டா பாவமாக்கும்." எனக்கு ஒன்பது வயசிலோ பத்திலோ, நானும் அண்ணனும் பக்கத்து வீட்டு அத்தையோடு திருட்டுத்தனமாகப் போயிருக்கிறோம். விழுந்தவர்கள் மேல் வெள்ளைத் துணி போர்த்தியபோது அவன் என் கையைப் பிடித்த பிடி இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. "நெசமாலுமே செத்துப்போயிட்டாங்களா புள்ளே?" என்றான். நடிக்கிறார்கள் என்றேன். நம்பவில்லை. அந்த வார ஞாயிறுபள்ளியில் எழுந்து நின்று, "ஏசுசாமியும் இப்படித்தான் படுகளத்துல கெடந்தாருங்களா டீச்சர்?" என்று கேட்டு, காதில் ஒரு திருகு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

அந்த 2022 ராத்திரிக்கு வருகிறேன். வாசலில் கயிற்றுக் கட்டிலில் அம்மாவும் நானும். இரண்டு மைல் தள்ளி மைக் செட், காற்று திரும்பும்போதெல்லாம் பாட்டு தெளிவாகக் கேட்டது. தங்காள் களத்துக்கு வந்துவிட்டாள், பிணங்களுக்கு நடுவே நடக்கிறாள், பிறந்தவன்மார் எங்கே என்று அழுகிறாள். அம்மா தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். இருட்டில் குரல் வந்தது:

"அவளாச்சும் போய்த் தேடுனா."

அவ்வளவுதான் சொன்னார். ஒன்பது மாசமாக எனக்குள் இருந்தது என்ன என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அண்ணன் செத்தது ஒரு துக்கம். நான் போகவில்லை, தேடவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு கோடித் துணி போடவில்லை என்பது இன்னொரு துக்கம். 17 வசனமும் முதல் துக்கத்துக்கு வந்தவை. இரண்டாவது துக்கத்தைத் தொட்டுப் பேசினது அந்தப் பாட்டு. அன்றைக்கு ராத்திரி நானும் அம்மாவும் அழுதோம், சத்தம் போட்டு.

மறுநாள் ரிஸ்பாள் ஞாபகம் வந்தாள். சின்ன வயசில் வேதாகம வினாடி வினாவுக்கு மனப்பாடம் பண்ணியிருந்தேன். கேள்வி: பாறையின்மேல் இரட்டுப் புடவையை விரித்தவள் யார்? விடை: ரிஸ்பாள். மதிப்பெண் 2. முப்பது வருசமாக அவள் எனக்கு இரண்டு மதிப்பெண்ணாகத்தான் இருந்தாள். இரண்டாம் சாமுவேல் 21ஐ எடுத்து அம்மாவுக்குச் சத்தமாக வாசித்தேன். பஞ்சம் நீங்க வேண்டும் என்று, அரசியல் கணக்குத் தீர்க்க, முந்தின ராஜா சவுலின் வீட்டு ஆண்கள் ஏழு பேரைத் தூக்கில் போடுகிறார்கள், அதில் இரண்டு பேர் அவள் பெற்ற பிள்ளைகள். அடக்கம் பண்ண யாரும் வரவில்லை. வாற்கோதுமை அறுப்பு தொடங்குகிற நாளில் பாறைமேல் துணியை விரித்து உட்கார்ந்தவள், மழை பெய்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. பகலில் பறவையை ஓட்டுகிறாள், ராத்திரியில் மிருகத்தை ஓட்டுகிறாள். அம்மா கேட்டார், "எத்தன மாசம் இருக்கும் கண்ணு?" வழக்கமான மழைக்காலம் வரைக்கும் என்றால் ஆறு மாசம் வரும் என்றேன். கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) செத்த மாட்டைச் சுற்றி நாய் கூடுவதைப் பார்த்து வளர்ந்தவர் அம்மா. அவருக்கு அந்த ஆறு மாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த அத்தியாயத்தைப் பொறுமையாகப் படித்தால் ஒன்று தெரியும். ஏழு பேரைக் கொன்றதும் பஞ்சம் தீர்ந்தது என்று அங்கே எழுதியிருக்கவில்லை. அவள் செய்தது தாவீது ராஜாவின் காதுக்குப் போய், அவன் எலும்புகளைப் பொறுக்கி அடக்கம் பண்ணின பிறகுதான் தேவன் தேசத்துக்கான வேண்டுதலைக் கேட்டார் என்று 14ஆம் வசனம் சொல்கிறது. அவள் அந்த அத்தியாயம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு ஜெபம் பண்ணவில்லை, நம்பிக்கை என்ற சொல்லே அங்கே கிடையாது. ஆனால் எனக்கு எட்டு ஒன்பது மாசத்தில் முதல்முதலாக வேதாகமத்துக்குள் ஒரு ஆள் என் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அப்படித்தான் சனிக்கிழமை வாசிப்பு ஆரம்பித்தது. நான் ஊருக்குப் போனால் நேரில், போகாத வாரம் போனை ஸ்பீக்கரில் போட்டு. அம்மா, நங்கையா, நான். நங்கையா களத்தைத் தன் கையில் எடுத்திருந்த நேரம், சனிக்கிழமை ஆட்களுக்குக் கூலி கொடுத்து முடிக்க அஞ்சு மணி ஆகும், அதுக்குப் பிறகு முக்கால் மணி நேரம். போகப் போகச் சில பழக்கங்கள் தானாக உண்டாயின, அவற்றைச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பொழுது இறங்குவதற்குள் முடித்துவிடுவோம். இந்த மாதிரிக் கதைகளை ராத்திரி பத்து மணிக்குத் தனியாகப் படிப்பது வேறு விஷயம், அது ஆளை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். முழு அத்தியாயமாகத்தான் வாசிப்போம், வசனம் பொறுக்க மாட்டோம். வாய்விட்டு வாசிப்போம், அம்மாவுக்குக் கண் சரியில்லை என்பதால் ஆரம்பித்த பழக்கம், பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. கண்ணால் படிக்கும்போது தாண்டிப் போய்விடுகிற வரியில் குரல் தடுக்கி நிற்கும். தடுக்கின இடத்தில் நிறுத்திக்கொள்வோம். இன்னொன்று நங்கையா போட்ட சட்டம்: வாசித்து முடித்ததும் யாரும் "அதனால" என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது. அதனால நாம என்ன கத்துக்கறோம்னா என்று ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவார். தோன்றினதைச் சொல்லலாம், கேள்வி கேட்கலாம், சும்மாவும் இருக்கலாம்.

யோபு புத்தகத்தில் எங்களுக்குப் பிடித்த ஆட்கள் அந்த மூன்று சிநேகிதர்கள்தான், முதல் ஏழு நாளைக்கு மட்டும். இரண்டாம் அதிகாரக் கடைசியில் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல், பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவோடு தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அதோடு வீட்டுக்குப் போயிருந்தால் நல்ல பேர் வாங்கியிருப்பார்கள். வாயைத் திறந்தார்கள், கெட்டது. கடைசியில் தேவன், நீங்கள் பேசினது சரியில்லை, யோபு பேசினதுதான் சரி என்கிறார். யோபு பேசினது என்ன? தான் பிறந்த நாளைச் சபித்தது, உம்மோடு வழக்காட வேண்டும் என்று கேட்டது. நம் ஊரில் எழவு வீட்டுக்குப் போனால் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவதுதானே முறை? முன்னோர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு அம்மா, பேர் வேண்டாம், எனக்குப் பாசிட்டிவாக இருந்த 14 நாளும் கேட்டில் ஒரு தூக்குப்போசியில் மிளகு ரசம் மாட்டிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். ஆறுதல் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அந்தத் தூக்குப்போசிதான் முதலில் ஞாபகம் வருகிறது.

ஒப்பாரி விஷயத்தையும் சொல்ல வேண்டும். அண்ணனுக்கு அம்மா ஒப்பாரி வைக்கவில்லை. சபைப் பெரியவர் ஒருவர் போனில், நம்பிக்கையற்றவர்களைப்போல அழக் கூடாது என்று வசனம் இருக்கிறது என்றாராம். ஒன்று தெசலோனிக்கேயர் 4:13. அதை நிறுத்திப் படித்துப் பாருங்கள், நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போல் துக்கிக்க வேண்டாம் என்றுதான் இருக்கிறது. துக்கிக்கவே வேண்டாம் என்று எங்கே இருக்கிறது? லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில், இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே இயேசு கண்ணீர் விட்டார். எரேமியா 9இல் தேவனே ஒப்பாரி வைக்கிற பெண்களைக் கூப்பிட்டனுப்பச் சொல்கிறார். இதையெல்லாம் வாசித்த பிறகு ஒரு சனிக்கிழமை அம்மா, "புலம்பல்னே ஒரு புஸ்தகம் இருக்குது, நான் பொலம்புனா தப்பாக்கும்" என்று சொல்லிவிட்டு, ஒரு வருசம் கழித்து தன் மகனுக்கு ஒப்பாரி வைத்தார். அப்பாவுக்கு வைத்த அதே மெட்டு. களத்தில் கூலி வாங்க நின்ற இரண்டு பெண்கள் வந்து அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு கூடச் சேர்ந்துகொண்டார்கள், அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை, மெட்டு எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

புலம்பல் புத்தகத்தில் ஒரு விசேஷம் உண்டு, தமிழில் படித்தால் தெரியாது. எபிரெயுவில் 22 எழுத்து. முதல் நாலு அதிகாரமும் எழுத்து வரிசையில் போகும், நம்ம ஆத்திசூடி மாதிரி. 1, 2, 4ஆம் அதிகாரங்களில் எழுத்துக்கு ஒரு வசனம், மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்று, அதனால்தான் அதில் மட்டும் 66 வசனம். அஞ்சாவதிலும் 22 வசனம் இருக்கிறது, ஆனால் எழுத்து வரிசை கிடையாது. அழுது அழுது வரிசை குலைந்துவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது, அறிஞர்கள் வேறு காரணம் சொல்லக்கூடும். நாம் காலண்டரில் அச்சடித்து மாட்டுகிற "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்பது மூன்றாம் அதிகாரத்தின் நடுவாக்கில் இருக்கிறது. அதுக்குப் பிறகும் அழுகை தொடர்கிறது. புத்தகம் முடிவதும் எங்களை முற்றிலும் வெறுத்துவிட்டீரோ என்கிற மாதிரி ஒரு இடத்தில்தான். காலண்டர் போடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

இதைத் தெரிந்துகொண்டதும் நானும் எழுதிப் பார்த்தேன். மண்டியில் எழுதித் தீராத பழைய பேரேடு ஒன்று, பக்கத்துக்கு ஓர் எழுத்து, அ முதல். ஏலம் முடிந்து ஆட்கள் சாப்பிடப் போகிற நேரத்தில், ஒரு நாளைக்கு ஒரு எழுத்து மட்டும். அ, அண்ணன் என்று ஆரம்பித்து மூன்று வரியில் நின்றுவிட்டது. ஆ, ஆக்சிஜன். இ, இ-பதிவு. சிரிப்பு வந்தது, அழுதுகொண்டே சிரித்தேன். ஈ என்ற பக்கத்தில் ஈஸ்டர் என்று எழுதி அடித்துவிட்டு ஈரம் என்று எழுதினேன். ஔ வரும்போது மாட்டிக்கொண்டேன், இரண்டு நாள் யோசித்து ஔஷதம் என்று எழுதினேன், கிடைக்காத ஔஷதம். எழுத்து வரிசைக்கு ஒரு குணம் இருக்கிறது, இன்றைக்கு இவ்வளவுதான், நாளைக்கு அடுத்தது என்று துக்கத்துக்கு ஒரு வரப்புக் கட்டிவிடும். கவிதை எழுதத் தெரிய வேண்டியதில்லை. கடைசிப் பக்கத்தில் ஃ மட்டும் போட்டு வைத்திருக்கிறேன், கீழே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

எல்லாம் நல்லபடியாகப் போனது என்று நினைத்துவிடாதீர்கள். யோபு 3ஆம் அதிகாரம் வாசித்த வாரம் நங்கையா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கும் அப்படித்தான் இருக்குதுங் அம்மிணி, எந்திரிக்காமயே போயிட்டா பரவால்லைன்னு" என்றார். சொன்ன விதத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கதை அவருக்கு வாயைத் திறந்து கொடுத்தது உண்மை, அதுக்கு மேல் கதையால் ஆகாது. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டேன், அப்படிக் கேட்டால் புது நினைப்பை விதைத்துவிடுவோம் என்று பயப்பட வேண்டாம், கேட்பதுதான் நல்லது. வாசிப்பை ஒரு மாசம் நிறுத்தினோம். மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன், ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டார், தூக்கம் திரும்பியது. மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். டெலி மானஸ் என்று அரசாங்கத்தின் இலவச எண் இருக்கிறது, 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம். ஒரு பெண்ணுக்கு நடக்கிற கொடுமையைச் சொல்கிற நியாயாதிபதிகள் 19ஆம் அதிகாரத்தை நாங்கள் இன்றுவரைக்கும் முழுசாக வாசிக்கவில்லை, இரண்டு தடவை ஆரம்பித்து மூடி வைத்துவிட்டோம். அதில் தோல்வி ஒன்றும் இல்லை.

நங்கையாவின் மகனுக்கு, தம்பி என்றுதான் அவனைக் கூப்பிடுவோம், அந்த வருசம் பத்தாம் வகுப்பு. அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டான். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் தேம்பாவணியில் இருந்து ஒரு பகுதி இருக்கிறது, வீரமாமுனிவர் எழுதினது, மொத்தம் 3615 பாட்டு. கருணையன் என்று அவர் பேர் வைத்திருக்கிற, இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவான், காட்டில் தாய் எலிசபெத்தை அடக்கம் பண்ணிவிட்டு அழுகிற இடம். மழைத் துளி இல்லாமல் இளம்பயிர் மணி பிடிப்பதற்கு முன்னால் காய்ந்த மாதிரி நானும் காய்ந்தேன் என்று வரும். தம்பி அதை உருப்போட்டுக்கொண்டிருந்தான், அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டான். நான் அடுப்படியில் இருந்தேன், எட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அத்தை, இதுல மரமெல்லாம் கூட அழுகுதுங்க" என்றான். ஆமா சாமி என்றேன். அவன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தது அன்றைக்குத்தான், பேச்சு ஆரம்பித்தது களத்தில் நிற்கிற வேப்பமரத்தில் இருந்து. பிள்ளைகளை உட்கார வைத்து அப்பாவைப் பற்றிப் பேசு என்று சொன்னால் பேச மாட்டார்கள். வேறு யாரோ அழுத கதை ஒன்று நடுவில் இருந்தால் போதும்.

ஜெபக்குழு அக்கா ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார், தங்காள் கதையை எல்லாம் வேதத்தோடு சேர்த்துப் பேசுகிறாயே என்று. அந்தக் கோயிலுக்கு நான் கும்பிடப் போகவில்லை, இரண்டையும் ஒன்று என்று சொல்லவும் இல்லை. சொல்லப்போனால் இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே என்று எனக்கு விளங்கினதே பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான். தங்காள் அண்ணன்மாரைக் கண்டுபிடித்துவிடுகிறாள், தெய்வத்தின் தயவால் அவர்கள் எழுகிறார்கள், கொஞ்ச நேரம் பேசுகிறார்கள். பிறகு மறுபடி விழுந்துவிடுகிறார்கள். சின்ன வயசில் அது எனக்குக் கோபமாக வரும், எழுப்பினால் அப்படியே விட வேண்டியதுதானே என்று. அப்புறம் யோசித்தால் லாசருவும் அப்படித்தான், நாலு நாள் கழித்து எழுந்தவன் என்றைக்கோ ஒருநாள் மறுபடி செத்திருப்பான், அவன் சகோதரிகள் மார்த்தாளோ மரியாளோ மறுபடி அழுதிருப்பார்கள். அண்ணன் ஒரு அஞ்சு நிமிசம் எழுந்து வந்து பேசிவிட்டுப் போனால் போதும் என்று எத்தனையோ ராத்திரி நினைத்திருக்கிறேன். போதாது. அந்த அஞ்சு நிமிசத்துக்குப் பிறகு இன்னொரு அடக்கம் பண்ண வேண்டியிருக்கும். "மரித்தோரிலிருந்து எழுந்த கிறிஸ்து இனி மரிப்பதில்லை" என்று ரோமர் 6:9 சொல்கிறது. அந்த "இனி" என்கிற சொல்லை நான் வாழ்நாளில் முதல்முறை பார்த்தது தங்காளின் பாட்டைக் கேட்ட பிறகுதான்.

அண்ணன் ஞாயிறுபள்ளியில் கேட்ட கேள்விக்கும் பதில் கிடைத்தது. ஒவ்வொரு ஞாயிறும் விசுவாசப் பிரமாணத்தில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறோம்: மரித்து, அடக்கம்பண்ணப்பட்டார், பாதாளத்தில் இறங்கினார். அந்த டீச்சர் காதைத் திருகாமல் ஆமாடா கண்ணு என்று சொல்லியிருக்கலாம். பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனைக்கு இடம் கிடைக்காது, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை விடியக்காலம் புதுத்துணி போட்டுக்கொண்டு போவோம். நடுவில் இருக்கிற சனிக்கிழமை எங்கள் சபையில் ஒன்றும் கிடையாது, கோயிலைக் கழுவிவிடுவார்கள், வீட்டில் கறிக்குச் சொல்லி வைப்போம். ஆனால் என்னை மாதிரி ஆட்கள் வருசம் முழுக்க இருப்பது அந்தச் சனிக்கிழமையில்தான். அவர் படுகளத்தில் கிடந்த நாள் அது. அவசரமாக மூடின உடம்பு. அந்த வீடியோ காலில் உறைந்து நின்ற கட்டுக்குப் பக்கத்தில் அவரும் கிடந்தார் என்று எனக்குத் தோன்றின பிறகுதான் மறுபடி ஜெபம் பண்ண வந்தது.

ரோமர் 8ஐயும் ஒருநாள் முழுசாக வாசித்தோம். 22ஆம் வசனத்தில் சிருஷ்டி எல்லாம் பிரசவவேதனைப்படுகிறது. 26இல் ஆவியானவரே வார்த்தை இல்லாமல் பெருமூச்சு விடுகிறார். 35இல் வியாகுலம், பசி, பட்டயம் என்று பட்டியல். இத்தனைக்கும் நடுவில்தான் அந்த 28 உட்கார்ந்திருக்கிறது. அந்த அதிகாரத்தோடு சேர்த்து வந்தால் எனக்கு அந்த வசனத்தோடு சண்டை இல்லை. இப்போது யார் வீட்டிலாவது சாவு என்றால் நான் வசனம் அனுப்புவதில்லை, தூக்குப்போசியைத் தேடுகிறேன்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு, 88ஆம் சங்கீதம். 18 வசனம்தான். என் இரட்சிப்பின் தேவனே என்று கூப்பிடுவதோடு சரி, அதுக்குப் பிறகு கடைசிவரைக்கும் வெளிச்சம் வராது. இதையும் ஒரு பாட்டு என்று சேர்த்துக் கூடிப் பாடியிருக்கிறார்களே என்பதை மட்டும் யோசித்துக்கொண்டு வாசியுங்கள்.

போன பெரிய சனிக்கிழமை மாற்கு 15ஆம் அதிகாரம் 42இல் ஆரம்பித்து 16:8 வரைக்கும் தம்பி வாசித்தான். மிகப் பழைய ஏடுகளில் மாற்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. மூன்று பெண்கள் இயேசுவின் உடம்பில் பூசச் சுகந்தவர்க்கம் வாங்கிக்கொண்டு போகிறார்கள், உயிர்த்தெழுவார் என்ற எண்ணம் ஒருத்திக்கும் இல்லை, வழியில் பேசுவதெல்லாம் அந்தக் கல்லை யார் புரட்டித் தருவார்கள் என்பதுதான். யார் என்று தெரியாமலே போகிறார்கள். போய், கல்லறை திறந்திருப்பதைக் கண்டு, செய்தியைக் கேட்டு, நடுங்கி ஓடிப்போய், பயத்தில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்கி, "இவ்வளவுதானா அத்தை?" என்றான். இன்றைக்கு இவ்வளவுதான் என்றேன்.

நங்கையா கூலி நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வாசலில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சரி, காலைல நேரமா எந்திரிக்கோணும். நான் போய்க் கோழியைக் கவுத்துட்டு வர்றேன்."